சரளைப் பாதையில் அண்ணியும் நாத்தனாரும்

அந்தக் குடும்பத்தில் சைக்கிள் என்றால் அண்ணனும் தங்கையும்தான். அண்ணன் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கம்பியுமாகக் கிடப்பதால், லீவு நாளில் தலைக்கு மேலே வானம் இல்லாவிட்டால் மூச்சு முட்டும் என்பார். தங்கைக்குச் செயற்கைப் பல் செய்யும் இடத்தில் வேலை. ஒரு பல்லின் நிறம் பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகவில்லை என்றால் உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறவள். அதே பிடிவாதம் சைக்கிளிலும் இருந்தது.

இருவரிடமும் சரளைப் பாதைக்கென்றே செய்த அகல டயர் சைக்கிள்கள் இருந்தன. இருவருக்கும் ஒரே ஒரு குறை. ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சுற்றி வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் நூற்றி முப்பது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்தை அவர்கள் இன்னும் முடித்ததில்லை. ஜோடியாகத்தான் போக வேண்டும்; ஒருவர் நின்றால் இன்னொருவரும் நிற்க வேண்டியதுதான். காலை ஆறு மணிக்குக் கிளம்பி மாலை ஐந்துக்குள் வந்துவிட வேண்டும். இரண்டு தடவை போனார்கள். ஒரு தடவை சங்கிலி அறுந்தது. இன்னொரு தடவை வழியை விட்டுவிட்டு யாரோ ஒருவருடைய மாட்டுக் கொட்டகைக்குள் போய் நின்றார்கள்.

இந்த வருஷம் விடக்கூடாது என்று குளிர்காலம் பூராவும் பழகினார்கள். ஓட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அண்ணன் சமையலறையில் பல்பு மாற்ற ஸ்டூல் மேல் ஏறி, கீழே விழுந்து, தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டார்.

"எட்டு மாடி உசரத்துல கம்பியைப் பிடிச்சுத் தொங்குற மனுஷன், ஒண்ணரை அடி ஸ்டூல்ல இருந்து விழுவாரா?" என்று டாக்டரே சிரித்தாராம்.

தங்கை சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, கையில் கட்டோடு இருந்த அண்ணனை முறைத்துக்கொண்டிருந்தாள். கூட ஓட்டுகிறவர்கள் எல்லாரிடமும் கேட்டாயிற்று. எல்லாருக்கும் ஏற்கெனவே ஜோடி இருந்தது.

அப்போதுதான் அடுப்படியில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த அண்ணி திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "நான் வரட்டுமா?"

அண்ணிக்கு நாற்பத்தேழு வயது. ஊர் ஆஸ்பத்திரியில் துணி தைக்கும் பிரிவில் வேலை. கிழிந்த போர்வை, பிய்ந்த அங்கி, நாடா அறுந்த முகமூடி, அழுக்குத்துணி போடும் கேன்வாஸ் மூட்டை எல்லாம் அவள் மிஷினுக்குத்தான் வந்து சேரும். டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவள் 'தையலக்கா'. அதிர்ந்து பேசமாட்டாள். விடிகாலையில் கிளம்புவாள், வந்து சமைப்பாள், தூங்குவாள். அவள் எதற்கும் ஆசைப்பட்டு அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கூரையைப் பார்த்தார்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. இது கடைக்குப் போயிட்டு வர்ற மாதிரி இல்ல. மொத்தமும் கல்லும் மண்ணும்."

"தெரியும். நான் தினம் போற வழியும் அதானே?"

"எந்த வழி?"

"வேலைக்குப் போற வழி. கால்வாய்க் கரையோரமா."

அண்ணன் கூரையிலிருந்து பார்வையை இறக்கினார். "பஸ்ல போகல நீ?"

"பஸ்ஸை நிறுத்தி ஆறு வருஷமாச்சு."

"ஆறு வருஷமா சைக்கிள்லயா போற? எவ்வளவு தூரம் அது?"

"போக பதினாலு, வர பதினாலு. மழை நாள்ல சேறு கொஞ்சம் ஜாஸ்தி." அவள் துண்டைப் பிழிந்து காயப்போட்டாள். "வாசல்ல நிக்குற சைக்கிள் யாருதுன்னு நினைச்சீங்க?"

அண்ணன் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். மழையில் நனைந்த அந்தப் பழைய இரும்புச் சைக்கிளை அவர் தினமும்தான் தாண்டிப் போனார். தன் சைக்கிளை வாரம் தவறாமல் துடைத்து எண்ணெய் போடுகிறவர், அதற்கு ஒரு தடவைகூடக் காற்று அடித்துக் கொடுத்ததில்லை.

மறுநாளே அந்தச் சைக்கிளைச் சீர்செய்ய ஆரம்பித்துவிட்டார். ஒரு கையால் வேலை செய்ய முடியாததால், வாயால் செய்தார். "அந்த நட்டைக் கழட்டு. அது இல்ல, அதுக்குக் கீழ." அண்ணி கழற்றினாள். பின்னாலிருந்த கேரியர் போயிற்று. ஏற்றத்துக்குத் தோதான பெரிய பல்சக்கரம் வந்தது. புது டயர், புது பிரேக். இரும்புச் சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. தங்கை வந்து அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இது சைக்கிளா, கட்டிலா?" என்றாள்.

"தூக்கிட்டா போகப்போறோம்? ஓட்டித்தானே போகப்போறோம்" என்றாள் அண்ணி.

*

ஓட்டம் ஒரு மூடிப்போன காகித ஆலையின் முற்றத்திலிருந்து கிளம்பியது. எண்பத்தெட்டு ஜோடிகள். பளபளக்கும் உடைகள், கருப்புக் கண்ணாடிகள். அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போடும் அதே சாம்பல் நிறக் கால்சட்டையில் நின்றாள். முட்டியில் மட்டும் இரட்டைத் துணி வைத்துத் தைத்திருந்தாள்.

அண்ணன் அவள் ஹெல்மெட் வாரை ஒரு கையால் சரிசெய்ய முயன்று, முடியாமல், கன்னத்தைத் தட்டினார். "முடியலன்னா நிறுத்திடு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"உங்க தங்கச்சி சொல்லுவா" என்றாள் அண்ணி.

விசில் ஊதியதும் தங்கை பாய்ந்தாள். பாதை ஆற்றின் இடக்கரையோடு மேல்நோக்கிப் போனது. மூடுபனி தண்ணீர்மேல் படுத்திருந்தது. சரளைக்கல் டயருக்கடியில் நறநறவென்று அரைபட்டது. தங்கை இருபது பேரை முந்தினாள், திரும்பிப் பார்த்தாள். அண்ணி எங்கோ ஒரு புள்ளியாக வந்துகொண்டிருந்தாள். தங்கை நின்றாள். அண்ணி வந்து சேர்ந்ததும் மறுபடி பாய்ந்தாள். மறுபடி நின்றாள்.

நாற்பதாவது கிலோமீட்டரில் பொறுமை போய்விட்டது. "அண்ணி, கொஞ்சமாவது வேகமா மிதிக்கலாமில்ல? நான் நின்னு நின்னே கால் வலிக்குது."

"நீ ஓடி ஓடி நிக்குற. நான் நிக்காம வர்றேன். ரெண்டு பேரும் ஒரே இடத்துலதானே இருக்கோம்?"

தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முன்னால் போனாள். ஆனால் அண்ணி சொன்னது பொய்யில்லை. காலையில் அவர்களை முந்திப் போன நாலைந்து ஜோடிகள் இப்போது வேலியோரம் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தார்கள். அண்ணி அவர்களைத் தாண்டும்போதெல்லாம் தலையசைத்துவிட்டுப் போனாள்.

பதினோரு மணிக்குத் தொங்கு பாலம் வந்தது. பாதித் தூரம் முடிந்திருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொருவராக நடக்க வேண்டும். பாலம் தொட்டில் மாதிரி ஆடியது. கீழே ஆறு நுரைத்துக்கொண்டு ஓடியது. நடுவில் வந்ததும் அண்ணி நின்றுவிட்டாள். பயந்துவிட்டாளோ என்று தங்கை அந்தக் கரையிலிருந்து கத்தினாள்: "கீழ பாக்காதீங்க அண்ணி!"

அண்ணி கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருஷமாக அவள் பார்த்ததெல்லாம் ஊசி முனையும் வெள்ளைத் துணியும். இப்போது காலுக்கடியில் ஒரு முழு ஆறு போய்க்கொண்டிருந்தது. "பயமில்ல. நல்லா இருக்கு, அதான்" என்று திருப்பிக் கத்தினாள்.

பாலத்தைத் தாண்டியதும் சாப்பிட்டார்கள். அங்கிருந்து வலக்கரை வழியாகத் திரும்ப வேண்டும். இந்தப் பக்கம் பாதை வேறு மாதிரி. கத்தி மாதிரி பட்டையான கருங்கல் சில்லுகள் மண்ணுக்குள் செங்குத்தாக நின்றன. ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, ஓர் இறக்கத்தில், முன்னால் போன தங்கையின் சைக்கிளிலிருந்து 'புஸ்' என்று பெரிய சத்தம். பின்டயரின் பக்கவாட்டில் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. டியூப் இல்லாத அந்த டயருக்குள் ஊற்றி வைத்திருந்த பால் போன்ற பசை தெறித்து அவள் முதுகெல்லாம் வெள்ளையாக வழிந்தது.

தங்கை ஒட்டுப் போட்டாள், ஒட்டு நிற்கவில்லை. கைவசம் ஒரு டியூப் இருந்தது. அதை உள்ளே வைத்துக் காற்றடித்தால் கிழிசல் வழியாகக் கொப்புளம் மாதிரி வெளியே பிதுங்கியது. இன்னும் இரண்டு அடி அடித்தால் அதுவும் வெடித்துவிடும். அவள் பம்பை எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"அவ்வளவுதான். மூணாவது வருஷமும் போச்சு."

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு வேன் உருண்டு வந்து நின்றது. முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு வரும் கடைசி வண்டி அது. ஓட்டுகிறவர் வழுக்கைத் தலையும் சந்தோஷ முகமுமாக இருந்தார். "ஏறிக்கங்கம்மா. டீ இருக்கு, மெத்து மெத்துன்னு சீட் இருக்கு. ஏற்கெனவே பன்னெண்டு பேர் உள்ள இருக்காங்க, பேச்சுத்துணைக்குக் குறைவில்ல."

தங்கை எழுந்தாள். அண்ணி அவள் தோளில் கைவைத்து உட்கார வைத்தாள்.

"டயரை முழுசாக் கழட்டு."

"எதுக்கு அண்ணி?"

"கழட்டேன்."

அண்ணி சட்டையின் உள்பக்கம் குத்தி வைத்திருந்த ஊசியை எடுத்தாள். இடுப்புப் பையிலிருந்து கேன்வாஸ் மூட்டை தைக்கிற தடித்த மெழுகு நூலை உருவினாள். வேலைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அவை அவளோடு இருக்கும். கிழிசலைக் கால்சட்டையில் துடைத்து, இரண்டு உதடுகளையும் சேர்த்துப் பிடித்து, முதல் குத்தைப் போட்டாள்.

ரப்பர் சுலபத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. ஊசியின் பின்புறத்தைக் கல்லால் அழுத்தித் தள்ள வேண்டியிருந்தது. இரண்டாவது தையலில் ஊசி நழுவிப் பெருவிரலில் இறங்கியது. அண்ணி விரலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டுத் தொடர்ந்தாள். தங்கை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு மில்லிமீட்டர் கூடக் குறைய இல்லாமல் தையல்கள் ஒரே அளவில் விழுந்தன. அந்த மாதிரி கையை அவள் தன் வேலையிடத்திலும் அதிகம் பார்த்ததில்லை.

"அண்ணி, ஒரு ஓரம் இழுக்குது பாருங்க. அங்க கோணலாப் போகுது."

"கண்ணு நல்லா இருக்கே உனக்கு. நீ இறுக்கிப் பிடி, நான் முடிச்சுப் போடுறேன்."

உள்பக்கம் வைக்க ஏதாவது கெட்டியாக வேண்டும். தங்கை சைக்கிள் முன்னால் கட்டியிருந்த அவர்கள் நம்பர் அட்டையைக் கழற்றி, பிளாஸ்டிக்கின் ஓர் ஓரத்தை வெட்டிக் கொடுத்தாள். அதைத் தையலுக்கு உள்ளே வைத்து, டியூப்பைப் போட்டு, மெதுவாகக் காற்றடித்தார்கள். தையல் விறைத்தது. நின்றது. இன்னும் பத்து அடி அடித்தார்கள். நின்றது.

இவ்வளவு நேரமும் வேன் ஓட்டுநர் இஞ்சினை நிறுத்திவிட்டு, உள்ளே இருந்த பன்னிரண்டு பேரோடு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "யம்மா, நீங்க டாக்டரா?" என்றார்.

"டாக்டருக்கே அங்கி தைக்கிறவ" என்றாள் தங்கை. அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் நாத்தனார் வாயிலிருந்து தன்னைப்பற்றி அப்படி ஒரு சொல் வந்து அவள் கேட்டதில்லை.

மணி ஒன்று நாற்பது. மூன்றரைக்குள் மூன்றாவது சோதனை இடத்தைக் கடக்காவிட்டால் ஓட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். நடுவில் ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம் இருந்தது.

*

ஏற்றத்தின் முதல் கிலோமீட்டரிலேயே தங்கை வழக்கம்போல எழுந்து நின்று மிதித்தாள். இரண்டாவதில் மூச்சு இரைத்தது. மூன்றாவதில் சைக்கிள் தள்ளாடியது. காலையில் வேகமாகப் போன கணக்கெல்லாம் இப்போது காலில் தெரிந்தது.

பின்னாலிருந்து அண்ணி மெல்ல வந்து பக்கத்தில் சேர்ந்தாள். "உக்காரு. சின்ன கியரைப் போடு. என் சக்கரத்தை மட்டும் பாத்துக்கிட்டு வா. மலையைப் பாக்காத."

"அண்ணி, எனக்கு முடியும்னு தோணல."

"பல்லைக் கடிக்காத. உடைஞ்சா நீயேதான் செஞ்சுக்கணும்."

அவ்வளவு களைப்பிலும் தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்து சின்ன கியரைப் போட்டாள். முன்னால் அந்தப் பழைய இரும்புச் சைக்கிள் ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தது. அண்ணியின் கால்கள் தையல் மிஷின் மிதிக்கிற மாதிரிதான் சுற்றின. வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஒரு வளைவு, அதற்குப் பின்னால் இன்னொரு வளைவு. கற்கள் டயரிலிருந்து தெறித்துச் சரிவில் உருண்டன. கண்ணுக்குள் வியர்வை இறங்கி எரிந்தது. கொஞ்சம் பின்னால் வேன் உறுமிக்கொண்டே வந்தது.

பாதி ஏற்றத்தில் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். முன்பு மாதிரி டீ என்று சொல்லவில்லை. "ஏறாதீங்கம்மா! சீட்டெல்லாம் ஈரம்! யாருக்கும் இடமில்ல!" என்று கத்தினார். உள்ளே இருந்தவர்கள் கதவைத் தட்டித் தாளம் போட்டார்கள்.

உச்சிக்கு வந்தபோது இரண்டு பேரும் நிற்கவில்லை. நின்றால் மறுபடி கிளம்ப முடியாது என்று இருவருக்கும் தெரியும். பள்ளத்தாக்கு முழுக்கக் கீழே விரிந்து கிடந்தது. வயல், தோப்பு, ஓட்டுக்கூரை, எல்லாவற்றுக்கும் நடுவே காலையிலிருந்து அவர்கள் சுற்றிவந்த ஆறு. இறக்கத்தில் தங்கை முன்னால் போனாள். எந்தக் கல் உறுதி, எந்தக் கல் உருளும் என்று அவளுக்குத்தான் தெரியும். "இடது! இப்ப வலது! பிரேக்கை விடுங்க அண்ணி, விடுங்க!" அண்ணி கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று நினைத்தாள். மூடவில்லை. பிரேக்கை விட்டாள். காற்று காதுக்குள் கூவியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் வேண்டுமென்றே வேகமாகப் போனாள்.

மூன்று இருபத்தேழுக்கு மூன்றாவது சோதனை இடம். அங்கே மேஜையை மடித்துக்கொண்டிருந்த பெண் இவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி பிரித்து வைத்தாள். "இன்னும் இருபத்தஞ்சு கிலோமீட்டர். எதிர்க்காத்து வேற. யோசிச்சுக்கங்க" என்றாள்.

"யோசிக்க நேரமில்ல" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு தங்கை கிளம்பினாள்.

ஆற்றோரச் சமவெளியில் காற்று சுவர் மாதிரி நின்றது. ஒருவர் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்ள, இன்னொருவர் ஒட்டிக்கொண்டு பின்னால் வந்தார். இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை மாறிக்கொண்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே மாறுகிற நேரம் இருவருக்கும் தெரிந்துவிட்டது. நூற்றிப் பத்தொன்பதாவது கிலோமீட்டரில் அண்ணிக்குத் தொடை பிடித்துக்கொண்டது. வலியில் கத்திவிட்டாள். தங்கை அவள் முதுகில் கையை வைத்துத் தள்ளிக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டினாள், ஒற்றைக் கையால், சரளையில். "விடு, விழுந்துடுவ" என்றாள் அண்ணி. "விட மாட்டேன்" என்றாள் தங்கை. பிடிப்பு மெல்ல விட்டது.

தூரத்தில் ஆலையின் புகைக்கூண்டு தெரிந்தபோது மணி நாலு ஐம்பது. தங்கை சொல்லவில்லை, அண்ணியே எழுந்து நின்று மிதித்தாள். அன்று முழுக்க உட்கார்ந்தே ஓட்டியவள் இப்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, அந்தக் கட்டில் சைக்கிளை இடமும் வலமுமாக ஆட்டி ஓட்டினாள். தங்கை பக்கத்திலேயே வந்தாள். ஆலை வாசல் வளைவில் இருவர் சக்கரமும் ஒன்றாகத் திரும்பியது.

முற்றத்தில் பாதிப் பேர் ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அண்ணன் கட்டுப்போட்ட கையை மறந்து இரண்டு கையையும் தூக்கி, "ஐயோ" என்று அலறி, அலறிக்கொண்டே குதித்தார். கோட்டைத் தாண்டியபோது கடிகாரம் நாலு ஐம்பத்தாறு.

அண்ணிக்குச் சைக்கிளிலிருந்து இறங்க முடியவில்லை. கால் தரையில் ஊன்றியதே தவிர மடங்கவில்லை. தங்கை தன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் சேர்ந்து சரிந்து புழுதியில் உட்கார்ந்தார்கள். முதலில் அழுதது யாரென்று இரண்டு பேருக்குமே அப்புறம் நினைவில்லை.

"அம்பத்தொம்பதாவது ஜோடி!" என்று அண்ணன் மேலே நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"மொத்தம் எத்தனை பேர் முடிச்சாங்க?" என்றாள் அண்ணி.

"அம்பத்தொம்பது ஜோடி."

"அப்ப நாங்கதான் கடைசியா?"

"முடிச்சவங்கள்ல கடைசி" என்றார் அண்ணன். "முடிக்காதவங்க இருபத்தொம்பது ஜோடி, அதுல சில பேர் அந்தா வேன்ல இருந்து இறங்குறாங்க பாரு." இறங்கியவர்கள் நேராக இவர்களிடம்தான் வந்தார்கள். வழுக்கைத் தலை ஓட்டுநர் எல்லாருக்கும் முன்னால் நின்று, தன் சொந்த வீட்டுப் பெண்கள் ஜெயித்த மாதிரி கைதட்டினார். சிலர் குனிந்து பின்டயரின் தையலைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மைக் வைத்திருந்தவர் தங்கையிடம் நீட்டினார். "ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

தங்கை அதை வாங்கி அண்ணியிடம் கொடுத்தாள். "எங்க அண்ணி சொல்லுவாங்க."

அண்ணி மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். அத்தனை பேரும் அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் மலை நீலமாக நின்றது. அதன் முதுகில் கோடு கிழித்த மாதிரி வெள்ளையாக ஒரு பாதை தெரிந்தது. அதில்தான் ஏறி வந்தோமா என்று ஒரு நிமிஷம் பார்த்தாள். ஏறித்தான் வந்திருக்கிறோம்.

"ரொம்பப் பசிக்குது" என்றாள்.

முற்றம் முழுக்கச் சிரிப்பு. நாலு பக்கத்திலிருந்தும் தட்டுகள் வந்தன. அண்ணி புழுதியிலேயே காலை நீட்டி உட்கார்ந்து, யாருக்கும் எடுத்து வைக்காமல், முதல் ஆளாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.